நீல விளக்கு வைத்த வண்டி

வெள்ளக்கரட்டுப்பட்டி,
11.6.2024

தம்பி பீமாராவுக்கு,

அக்கா சரண்யாதேவி எழுதுகிறேன். போனில் கேட்டால், "இதப் பத்தி போன்ல பேசாதக்கா" என்று வைத்துவிடுகிறாய். அப்புறம் எடுப்பதே இல்லை. எடுக்காத போனுக்கு நானும் இனி அடிக்கப்போவதில்லை. எதையும் எழுத்தில் கேட்டால்தான் மதிப்பு என்று நீதானே சொல்வாய். அதனால் எழுத்திலேயே கேட்கிறேன். உனக்குத் தெரிந்த விஷயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். நாளைக்கு இந்தக் கடிதத்தை யாரிடமாவது காட்ட வேண்டியிருந்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும்.

ஓடையில் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போனதிலிருந்து நம் ஊருக்குள் பெரிய வண்டி வர முடியாது. சின்ன வண்டி என்றால் ஓடைக்குள் இறங்கி ஏறிவிடும். அதற்காகத்தான் எங்கள் மகளிர் குழுவில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு பழைய ஆம்னி வேனை வாங்கினோம். நடு சீட்டைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சர் போட்டோம். மேலே நீல விளக்கும் சைரனும் வைத்தோம். 'அவசர ஊர்தி' என்று எழுதினோம். ஓட்டுவது நான். யாரிடமும் வாடகை வாங்கியதில்லை. பெட்ரோலுக்குக் கூட வாங்கியதில்லை, அதற்கும் குழுவிலிருந்துதான் போடுகிறோம். இப்படி ஓட்டுவதற்கு அனுமதி கேட்டு போன அக்டோபரில் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மனுக் கொடுத்தோம். அந்த மனுவை எழுத நீதான் சொல்லிக் கொடுத்தாய்.

போன வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு மேலத்தெரு பேயாண்டி அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆட்டுக் கிடையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உசிலம்பட்டியில் ஊசி போட்டு, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே இருந்த ஆம்புலன்ஸ் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. நம் வண்டியிலேயே கிளம்பினோம். மலையம்மாள் மதினி புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார்.

செக்கானூரணி தாண்டியதும் வாகன ஆய்வாளர் கை காட்டினார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. வண்டி நம்பரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸ்னு பதிவு இருக்காம்மா?"

"மனுக் கொடுத்திருக்கோம் சார். ஆளு சீரியஸா இருக்காரு."

"இந்த வண்டியப் பிடிக்கச் சொல்லியே ஆர்டர் இருக்கும்மா. இதுல கொண்டுபோய் வழியில ஒண்ணு ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரே ரோட்டில் இறங்கி ஆட்டோவை நிறுத்தினார். அண்ணனைத் தூக்கிப் படுக்க வைக்க ஒரு பக்கம் பிடித்தார். ஆட்டோ வந்து, ஆள் மாறி, கிளம்ப இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. காளவாசலில் டவுன் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். ஆட்டோவுக்கு யார் வழி விடுவார்கள்? "சரண்யா, இவரு கை சில்லுனு இருக்கு" என்றார் மதினி. பெரியாஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை என்றார்கள்.

டாக்டரிடம் அந்த இருபத்திரண்டு நிமிஷத்தைப் பற்றிக் கேட்டேன். "முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் இருந்திருக்கலாம். சொல்ல முடியாதும்மா" என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வண்டி செக்கானூரணியில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள்? எங்கள் மனு என்ன ஆனது? அந்தத் தாளில் எங்கள் வண்டி நம்பர் மூன்றாவதாக இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அது எப்படி அங்கே போனது?

சரண்யா

-

கே.கே. நகர், மதுரை,
18.6.2024

அன்புள்ள அக்கா,

பேயாண்டி அண்ணன் காரியத்துக்கு வர முடியவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். வரவில்லை, அவ்வளவுதான். வேலைக்குப் பரீட்சை எழுதிய அன்று பஸ் வராமல் நான் நின்றபோது, ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு என்னைத் தன் மொபட்டில் உசிலம்பட்டி வரை கொண்டுவந்து விட்டவர் அவர். உனக்கு இது தெரியாது. யாரிடமும் சொன்னதில்லை.

நீ கேட்ட சட்டத்தைச் சொல்கிறேன். நிதானமாகப் படி. ஆம்புலன்ஸாகப் பதிவான வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. அதனால் பெர்மிட் கேட்டு மனுக் கொடுத்தால், பெர்மிட் பிரிவு 'தேவை எழவில்லை' என்று எழுதி அனுப்பிவிடும். ஆம்புலன்ஸாகப் பதிய வேண்டுமென்றால் உள் உயரம், படுக்கை, கதவு எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. உங்கள் வண்டி சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. அதனால் பதிவுப் பிரிவு 'இது ஆம்புலன்ஸ் அல்ல' என்று அனுப்பிவிடும். சுழலும் விளக்கும் சைரனும் அவசர ஊர்திகளுக்கு மட்டுமே. உங்கள் வண்டி அவசரத்துக்கு மட்டுமே ஓடுகிறது, ஆனால் அவசர ஊர்தி இல்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இத்தனை வருஷம் ஆபீசில் இருக்கும் எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளக்கு, சைரன், அந்த எழுத்து மூன்றும் இல்லாமல் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரைச் சொந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நீங்கள் அனுமதி தேவையில்லாத காரியத்துக்கு அனுமதி கேட்டீர்கள். இதை நான் அக்டோபரிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கும் தோன்றவில்லை.

இப்போதைக்கு விளக்கையும் சைரனையும் கழற்றிவிடுவதாக எழுதிக் கொடு. அபராதத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிடலாம்.

பட்டியலைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்படிப்பட்ட பட்டியல்கள் பல வழிகளில் தயாராகும். எந்த வண்டி எப்படிச் சேர்ந்தது என்று தனியாகச் சொல்வது கடினம்.

தம்பி,
பீமாராவ்

-

வெள்ளக்கரட்டுப்பட்டி,
28.6.2024

தம்பிக்கு,

உன் கடிதத்தை எங்கள் குழுவில் சத்தமாகப் படித்தேன். பதினோரு பேரில் ஒருத்திக்கும் புரியவில்லை. "ஆம்புலன்ஸா இருந்தா பெர்மிட்டு வேணாம், இல்லாட்டி பெர்மிட்டு கெடையாது, அப்ப அந்தப் பெர்மிட்டு யாருக்குத்தான்டி?" என்று கேட்டாள் ஆர்த்திகா. குழுவிலேயே அவள்தான் பட்டதாரி. அவளுக்கே இப்படி என்றால் மற்றவர்களைப் பார்த்துக்கொள்.

நேற்று நானும் அவளும் உங்கள் ஆபீசுக்கு வந்தோம். பெர்மிட் பிரிவில் இருந்தவர் பதிவுப் பிரிவுக்குப் போகச் சொன்னார். பதிவுப் பிரிவில் இருந்த அம்மா, "இது எங்க சீட்டே இல்லம்மா, பெர்மிட்டுக்குப் போங்க" என்றார். அங்கிருந்துதான் வருகிறோம் என்றதும் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிப் பார்த்தார்.

"உங்க மனு மேலதான் ஆக்‌ஷன் எடுத்து முடிச்சாச்சேம்மா. மார்ச்லயே."

"என்ன ஆக்‌ஷன் மேடம்? எங்களுக்கு ஒரு பதிலும் வரலையே."

"அமலாக்கத்துக்குப் போயிருக்கு. அங்க கேளுங்க."

அமலாக்கப் பிரிவு என்றால் நீ உட்காரும் இடம். மாடிக்கு வந்தோம். உன் நாற்காலி காலியாக இருந்தது. மேஜையில் கண்ணாடி இருந்தது, பேனா மூடாமல் கிடந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர், நீ லீவு என்றார். அவரே கொஞ்ச நேரம் கழித்து, மீட்டிங் என்றார். கீழே உன் வண்டி நின்றது. சாவியில் நான் கோத்துக் கொடுத்த சிவப்பு நூல் தொங்கியது, சாவியை வண்டியிலேயே விட்டிருந்தாய்.

ஒரு மணி நேரம் நின்றோம். பிறகு வந்துவிட்டோம்.

நீ அங்கே இருந்தாயா, இல்லையா? மனு கொடுத்தது நாங்கள். எங்கள் மனு மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்று எங்களுக்குத் தெரியாது. வண்டியைப் பிடித்ததுதான் அந்த நடவடிக்கையா? அப்படித் தோன்றுகிறது. பிறகு, அப்படியெல்லாம் இருக்காது, நான் தப்பாக யோசிக்கிறேன் என்றும் தோன்றுகிறது. நீ சொல். மற்ற யார் சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை.

சரண்யா

-

கே.கே. நகர், மதுரை,
4.7.2024

அக்கா,

இருந்தேன். நீங்கள் படியேறி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழைய கோப்புகள் வைக்கும் அறைக்குள் போய் நின்றுகொண்டேன். ஆர்த்திகா சிரித்த சத்தம் கூடக் கேட்டது. நீ சிரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை எப்படியாவது முடித்து அனுப்பிவிட வேண்டும்.

உங்கள் மனு ஐந்து மாதம் இரண்டு பிரிவுக்கும் நடுவில் அலைந்தது. யாருக்கும் அதை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. மார்ச் மாதம் யாரோ 'தக்க நடவடிக்கைக்கு' என்று ஒரு சீட்டு ஒட்டி எங்கள் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்காணிப்பாளர் பட்டாபிராமன் சார் பிரித்துப் பார்த்தார். "என்னப்பா இது, லைட்டு சைரன்லாம் வச்சு போட்டோவே ஒட்டி அனுப்பியிருக்கா. ஒரு குறிப்பு எழுதிக் கொண்டா" என்று என்னிடம் கொடுத்தார்.

அந்த போட்டோவில் நீ வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாய். போட்டோ தெளிவாக இருக்க வேண்டும், விளக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று சொன்னதும் நான்தான்.

"சார், இது என் அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோப்பு வேறு சீட்டுக்குப் போயிருக்கும். சொல்லவில்லை. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒருவர், "ஊர்க்காரங்களுக்கு வேல பாக்கத்தான வந்திருக்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் இப்போது ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஆனால் நம் பக்கத்துக் கோப்பு எது வந்தாலும் அந்தக் குரல்தான் காதில் விழுகிறது. மற்றவர்கள் கோப்பில் ஒரு தடவை பார்ப்பதை நம்மவர்கள் கோப்பில் இரண்டு தடவை பார்ப்பேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நேர்மையா, பயமா என்று இப்போது தெரியவில்லை.

நான் எழுதிய குறிப்பு இதுதான்: 'அனுமதியின்றி விளக்கும் ஒலிப்பானும் பொருத்தப்பட்டுள்ளதை விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டுள்ளார். விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம்.' உங்கள் மனு அன்றோடு மனுவாக இல்லாமல் போய்விட்டது. வாக்குமூலமாகிவிட்டது. அந்த வரி சட்டப்படி தப்பில்லை. நூறு தடவை படித்துப் பார்த்துவிட்டேன், தப்பில்லை.

முதலில் நோட்டீஸ் வரும், நீ விளக்கைக் கழற்றிவிடுவாய், அதோடு முடியும் என்று நினைத்தேன். நோட்டீஸ் அனுப்பியதாகக் கோப்பில் இருக்கிறது. உனக்கு வரவில்லை. எங்கே போனது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. நீ போனில் பேசும்போதாவது நான் சொல்லியிருக்கலாம். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மூன்று மாதம் போய்விட்டது. பிடிக்க வேண்டிய வண்டிகளின் பட்டியலை டைப் செய்ததும் நான்தான். மூன்றாவது வரி.

நான் எழுதாவிட்டாலும் வேறு யாராவது இதையேதான் எழுதியிருப்பார்கள். இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. அப்படித்தான் பார்க்கிறேனோ என்னவோ.

பீமாராவ்

-

வெள்ளக்கரட்டுப்பட்டி,
10.7.2024

பீமாராவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தால் அந்த மனுவில் நான் போட்ட கையெழுத்து ஞாபகத்துக்கு வருகிறது. விளக்கு வைக்கலாம், வைத்தால்தான் வழி விடுவார்கள் என்று குழுவில் சொன்னது நான். நான் அதை வைக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் நிறுத்தியிருக்க மாட்டார். வைக்காமல் போயிருந்தால் காளவாசலில் வழி விட்டிருப்பார்களா? யாரைப் பிடித்து இதைக் கேட்பது?

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

சரண்யா

-

கே.கே. நகர், மதுரை,
23.7.2024

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். இது வண்டிக்காக மட்டும் எழுதுவது.

விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். ஆம்புலன்ஸ் என்பது ஒரே வகை இல்லை. நோயாளியைப் படுக்க வைத்து ஏற்றிச் செல்ல மட்டும் ஒரு வகை உண்டு. பெரிய வண்டியில் இருக்கும் கருவிகள் எல்லாம் அதில் தேவையில்லை. வண்டியின் கூரையை உயர்த்தி, படுக்கையைச் சரியாகப் பொருத்தி, முறைப்படி மாற்றம் செய்து பதிந்தால் உங்கள் வண்டி அதற்குள் வரலாம். வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அளந்து பார்க்க வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் பழைய கோப்பு 'நடவடிக்கை முடிந்தது' என்று மூடியிருக்கிற வரை புதியதை எடுப்பார்களா என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். மலையம்மாள் மதினிக்கு என் விஷயம் தெரியுமா? தெரியாது என்றால் சொல்லாதே. அவர் பாரத்தோடு இதையும் ஏன் ஏற்ற வேண்டும்? அவருக்காகத்தான் சொல்கிறேன்.

பீமாராவ்

-

வெள்ளக்கரட்டுப்பட்டி,
6.8.2024

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

நீ அவருக்காகச் சொல்ல வேண்டாம் என்றாயா, உனக்காகவா என்று பத்து நாள் யோசித்தேன். எனக்கு விளங்கவில்லை. ஆனால் தினமும் அவர் வீட்டைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போகிறேன். "என்ன சரண்யா, வண்டி எப்பத் தருவாங்களாம்?" என்று அவர்தான் கேட்கிறார். புருஷனைப் பறிகொடுத்தவர் வண்டியை விசாரிக்கிறார். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆடுகளுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதங்களையும் படித்துக் காட்டினேன். கட்டுவதை நிறுத்தவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். மொபட்டில் கொண்டுவந்து விட்டதைப் படித்தபோதுதான் கை நின்றது.

"அது எனக்கே தெரியாதே. அன்னைக்கு ரெண்டு ஆடு காணாமப் போயி நான் அந்த மனுசன என்ன பேச்சுப் பேசுனேன்" என்றார்.

நான் கிளம்பலாம் என்று எழுந்தபோது கேட்டார்.

"அவன் எழுதுனது பொய்யா?"

"பொய் இல்ல மதினி. சட்டப்படி சரிதான்ங்கிறான்."

"அப்ப எதுக்கு ஒளிஞ்சான்?"

அடுத்த குழைக் கட்டை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே அவரே சொன்னார்.

"வண்டியில லைட்டு இருந்துச்சுன்னு எழுதத் தெரிஞ்சுச்சுல்ல. அந்த வண்டி எங்க அக்கா வண்டி, அது ஊருக்காக ஓடுதுன்னும் எழுதச் சொல்லு. பாதி எழுதிட்டுப் பாதிய வச்சுக்கிட்டா எப்பிடி? எம் புருசன் வரப்போறதில்ல. எழுதாம விட்டத எழுதச் சொல்லு."

அவர் உன்னை மன்னித்தாரா என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

சரண்யா

-

கே.கே. நகர், மதுரை,
22.8.2024

அக்கா,

எழுதிவிட்டேன்.

அதே கோப்பில், என் பழைய குறிப்புக்குக் கீழேயே எழுதினேன். விண்ணப்பதாரர் என் உடன்பிறந்த அக்கா. அதைத் தெரிவிக்காமல் இந்தக் கோப்பைக் கையாண்டேன். வந்தது அனுமதி கேட்டு வந்த மனு, அதை மனுவாகப் பரிசீலிக்காமல் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தேன். நோட்டீஸ் சேர்ந்ததா என்று சரிபார்க்கவில்லை. வண்டி பிடிக்கப்பட்ட அன்று அதில் இருந்த நோயாளி இறந்துவிட்டார். மனுவை மீண்டும் எடுத்துப் பரிசீலிக்க வேண்டும். இவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

பட்டாபிராமன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாவது தடவை படித்தார்.

"ஏம்ப்பா, அன்னைக்கே சொல்லியிருந்தா ஒண்ணுமே இல்லையே. வேற சீட்டுக்கு மாத்தியிருப்பேன். இப்ப இத எழுதினா உனக்குத்தான் மெமோ வரும். தெரியுமோ இல்லையோ?"

"தெரியும் சார்."

"நானும் போட்டோவப் பாத்தேன். லைட்டத்தான் பாத்தேன். பக்கத்துல நிக்கறவா யாருன்னு கேக்கத் தோணல" என்றார். பிறகு அவரே மேலே அனுப்பிவைத்தார். என்னைத் தடுக்கவும் இல்லை, தட்டிக் கொடுக்கவும் இல்லை.

மெமோ வந்துவிட்டது. உறவை மறைத்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஆபீசில் பாதிப் பேர், அக்காவுக்குச் சாதகமாகக் கோப்பைத் திறக்க இப்படி ஒரு நாடகம் என்கிறார்கள். மீதிப் பேர், சொந்த அக்காவையே பிடித்துக் கொடுத்தவன் என்கிறார்கள். இரண்டும் ஒரே மேஜையில் காதில் விழுகிறது. இரண்டில் எது நான் என்று எனக்கும் குழப்பமாக இருக்கிறது.

கோப்பு திறந்துவிட்டது. வண்டியை உங்களிடம் விடவும் உத்தரவு ஆகிவிட்டது, பிறகு அளக்க வருவார்கள். விளக்கைக் கழற்றி வை, கூரை வேலையை அனுமதி வாங்கிய பட்டறையில் மட்டும் செய். ரசீதும் சான்றும் கையில் இருக்கட்டும்.

பீமாராவ்

-

வெள்ளக்கரட்டுப்பட்டி,
18.11.2024

தம்பிக்கு,

உன்னைப் பரமக்குடிக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஆர்த்திகா சொன்னாள். அவளிடம் சொல்லத் தெரிந்தது, என்னிடம் சொல்லவில்லை. சரி. சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்?

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் இரண்டு கவர் கொடுத்தார். இரண்டும் அரசாங்கக் கவர். முதல் கவரில் உத்தரவு இருந்தது. நம் வண்டியை நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வாகனமாகப் பதிந்திருக்கிறார்கள். நோயாளி உள்ளே இருக்கும்போது விளக்கும் சைரனும் போடலாம், மற்ற நேரம் போடக்கூடாது. முதல் தடவை அளந்தபோது உயரம் இரண்டு விரல் குறைந்தது. திரும்பக் கூரையைத் தூக்கி, திரும்ப அளந்து, அப்புறம் கிடைத்தது. குழுவில் எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது கவரைப் பிரித்ததும் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். கோர்ட் சம்மன். ஜூன் ஆறாம் தேதி அனுமதி இல்லாமல் விளக்கு வைத்து ஓட்டியதற்கு டிசம்பர் பன்னிரண்டாம் தேதி உசிலம்பட்டி கோர்ட்டில் நான் ஆஜராக வேண்டும். அதே வண்டி, அதே விளக்கு. ஒரு தாளில் போடலாம் என்கிறார்கள், இன்னொரு தாளில் ஏன் போட்டாய் என்கிறார்கள். வக்கீல் சோணைமுத்துவிடம் கேட்டேன். "ரெண்டும் சரிதான்க்கா. அன்னைக்குத் தப்பு, இன்னைக்குத் தப்பில்ல. ஒத்துக்கிட்டு ஃபைனக் கட்டிட்டு வந்துருங்க, பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்" என்றார்.

நேற்று வடக்குத் தெருவில் ஒரு பிள்ளைக்கு ஜன்னி வந்துவிட்டது. ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். செக்கானூரணியில் அதே ஆய்வாளர் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு, போங்க போங்க என்று கை காட்டினார். காளவாசலில் பஸ், ஆட்டோ எல்லாம் ஒதுங்கி வழி விட்டது. இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை, தாண்டிவிட்டோம். பிள்ளை நன்றாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த வழி திறந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையின் அம்மா பயந்துவிட்டாள், என்னமோ ஏதோ என்று. ஒன்றுமில்லை, கண்ணில் தூசி என்றேன்.

பத்து நிமிஷத்தில் ஒத்துக்கொண்டு வர எனக்கு மனசில்லை. விளக்கு வைத்தது நான்தான், அதை மறுக்கப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு வண்டிக்குள் யார் இருந்தார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொள்வேன். மலையம்மாள் மதினியும் வருகிறார். "நானும் வாரேன். ஜட்ஜய்யா என்னயவும் ஒரு வார்த்தை கேக்கட்டும்" என்கிறார்.

நீ வருவாயா? வர வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. ஆனால் அரசுத் தரப்பில் எனக்கு எதிராக இருக்கும் காகிதமே நீ எழுதியதுதான். நீ வந்தால் எந்தப் பக்கம் நிற்பாய், நிற்க விடுவார்களா, ஒன்றும் புரியவில்லை. மதினியிடம் கேட்டேன், அவனைக் கூப்பிடவா என்று. வேண்டாம் என்று சொல்லவில்லை.

சரண்யா

-

பரமக்குடி,
26.11.2024

அக்கா,

மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். பரவாயில்லை.

உன் கடிதம் வந்த அன்றே வருவது என்று முடிவு செய்துவிட்டேன். எந்தப் பக்கம் நிற்பது என்பதில்தான் நான்கு நாள் போனது. என் குறிப்பு அந்தப் பக்கம் இருக்கிறது, அதை நான் எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது, அது பொய்யில்லை. அதன் கீழே எழுதியதும் பொய்யில்லை. கோர்ட்டில் கேட்டால் இரண்டையும் சொல்வேன். கேட்காவிட்டால் உன் பக்கத்தில் நிற்பேன். இது சட்டப்படி சரியா என்று யாரிடமும் கேட்கவில்லை.

மலையம்மாள் மதினியைத்தான் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. என்ன பேசுவது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. முதல் நாள் சாயங்காலமே ஊருக்கு வந்துவிடுகிறேன். நேராக அவர் வீட்டுக்குத்தான் வருவேன். அவர் உள்ளே வா என்று சொன்னால் போவேன். சொல்லாவிட்டால் வாசலில் நிற்கிறேன். நீ கூட வராதே.

இன்று லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் வழக்கம்போல 'சொந்த வேலை' என்று எழுதிவிட்டேன். மேஜையில் வைத்துவிட்டு வாசல் வரை வந்தேன். திரும்பப் போய் அதை எடுத்துக் கிழித்துவிட்டு, வேறு தாளில் எழுதினேன்: 'என் அக்கா சரண்யாதேவி மீதான வழக்கில் அவருடன் நீதிமன்றத்துக்குச் செல்ல.'

இங்கே கண்காணிப்பாளர் நல்ல மனுஷன். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இம்புட்டு வெவரம் எதுக்குப்பா? சொந்த வேலைன்னு போட்டாலே லீவு தந்துருவேன்ல."

"இல்ல சார். அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

உன் தம்பி,
பீமாராவ்